எழுப்புதல் வீரர் வாழ்வில் ஒரு கறை



ஜார்ஜ் விட்ஃபீல்டு ஐயாவைப் பற்றி எழுப்புதல் கூட்டங்களில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். ஆனா, பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதியையும் சொல்லும்படி ஆவியானவர் என்னை நெருக்கி ஏவுகிறார்.

1714-ல் இங்கிலாந்து தேசத்துக் குளோஸ்டர் பட்டணத்தில், ஒரு சத்திரத்தில் பிறந்தார். இரண்டு வயசிலேயே தகப்பன் இல்லை. சத்திரத்து வேலை செய்து வளர்ந்த பையன், ஆக்ஸ்போர்டில் பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை பார்த்துத்தான் படித்தார். அங்கே வெஸ்லி சகோதரர்களின் ஜெபக்குழுவில் சேர்ந்தார். அவர்களுக்கு மற்றவர்கள் வைத்த கேலிப்பெயர்தான் மெதடிஸ்ட். 1735-ல் மறுபிறப்பின் அனுபவம் பெற்றார்.

1739-ல் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வெட்டவெளியில் பிரசங்கித்தார். கரி படிந்த முகங்களில் கண்ணீர் வெள்ளை வெள்ளைக் கோடாக இறங்கியது. ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிக்கத் தயங்கின ஜான் வெஸ்லியையும் வெளியே கொண்டுவந்தவர் இவர்தான். 13 தடவை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார். காசு போடவே கூடாது என்று வந்து உட்கார்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், பிரசங்கம் முடிவதற்குள் சட்டைப்பையைக் காலி பண்ணிவிட்டார்! அந்தக் காணிக்கை, 1740-ல் ஜார்ஜியாவில் தொடங்கின பெதஸ்தா அநாதை இல்லத்துக்கு.

இனிமேல்தான் நான் மறைத்த பாதி. ஜார்ஜியாவில் 1735 முதல் அடிமைமுறைக்குத் தடை இருந்தது. 1740-ல் அடிமைகளை வதைக்கும் எஜமான்களைக் கண்டித்துக் கடிதம் எழுதின அதே ஊழியக்காரர், அடிமைகள் இல்லாமல் அநாதை இல்லம் நடக்காது என்று பிறகு வாதாடினார். 1747-ல் தென் கரோலினாவில் தோட்டமும் அடிமைகளும் வாங்கினார். 1751-ல் ஜார்ஜியாவிலும் தடை நீங்கியது. 1770-ல் அவர் மரித்தபோது, ஏறக்குறைய 50 மனுஷரை ஹண்டிங்டன் சீமாட்டிக்குச் சொத்தாக எழுதி வைத்திருந்தார். அதே வருஷம் அவருக்காகப் புலம்பல் கவிதை எழுதினவர்களில் ஒருத்தி, பில்லிஸ் வீட்லி என்ற அடிமைப்பெண்! 1774-ல் ஜான் வெஸ்லி அடிமைமுறையை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். காலம் அப்படி என்று சாக்கு சொல்ல முடியாது. 2020-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருடைய சிலையை அகற்ற முடிவு செய்தது.

ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டான்: இதை ஏன் ஐயா எங்களுக்குச் சொல்லவே இல்லை? பதில் வரவில்லை. தாவீதின் பாவத்தை வேதம் மறைக்கவில்லையே, நான் யார் மறைக்க?

அன்று வீட்டுக்குப் போனேன். வேலைக்கு வரும் அம்மாவின் டம்ளர், ஜன்னல் ஓரத்தில் தனியாக இருந்தது. அந்த அம்மாவுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். ஆனா அந்த டம்ளர் வருஷக்கணக்காய் என் கண்ணில் படவே இல்லை! முழங்காலில் நின்று அழுதேன். இப்போ எங்க வீட்டில் தனி டம்ளர் கிடையாது.

பிரியமானவர்களே, அபிஷேகம் இருந்தது. ஆத்தும பாரம் இருந்தது. ஆனாலும் ஒரு கண் மூடியிருந்தது. நம் கண்ணையும் கர்த்தர் திறக்கும்படி ஜெபிப்போம். ஆமென்.