என்புகளைக் காத்த பேரறிஞர் தெரணியகல

உலகில் தோன்றிய உயிர்களுள் மிகப் பெரியது எதுவென்று மாணவரை வினவினால், அவர்தம் எண்ணம் பெரும்பாலும் பண்டைக்காலப் பெரும்பல்லிகளையே நாடிச் செல்லும். ஆயினும், அளந்து உறுதி செய்யப்பெற்றவற்றுள் முதலிடம் பெறுவது நீலத் திமிங்கிலமே. 100 அடிக்கு அண்மிய நீளமும் 150 தொன்னுக்கு மேற்பட்ட எடையும் எய்தவல்ல அவ்வினத்தின் சற்றே குறுகிய வகையொன்று, திருகோணமலைக்கு அப்பாலும் தென்கடலிலும் இன்றும் உலவுகின்றது. கடலைக் காணாது வளரும் மாத்தளை மலைநாட்டு மாணவர்க்கு இது வியப்பளிக்கும் செய்தியாகும். இத்தீவின் பெருவிலங்குகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை அவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியராகிய நம் கடன் எனக் கருதுகின்றேன்.

போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல 1900ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சேர் போல் பீரிஸ், போர்த்துக்கேயர் கால இலங்கை வரலாற்றை எழுதியவர். கந்தரோடையில் அகழாய்வு செய்தமையால் யாழ்ப்பாணத் தமிழரும் நன்கறிந்தவர். தந்தையார் ஏடுகளில் தேடிய பழமையை மைந்தர் மண்ணிலும் கடலிலும் தேடினார். கேம்பிறிட்ஜிலும் ஹார்வர்டிலும் பயின்று தாயகம் மீண்ட அவர், 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார்.

இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் அகழ்வோர் குழிகளில் பழைய பற்களும் என்புகளும் வெளிப்படுவதுண்டு. கல் தேடுவோர்க்குப் பயன்படாத அவை தெரணியகலவுக்கு மாணிக்கங்களாயின. நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் ஒருகாலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பதை அவற்றைக் கொண்டே அவர் நிறுவினார். குருவிட்டையில் கிடைத்த பற்களை ஆராய்ந்து, 1939இல் ஈழத்துச் சிங்கத்துக்குத் தனிப்பெயர் சூட்டினார்.

அதே ஆண்டில் அவர் பெயரிட்ட மற்றொரு விலங்கு நம் மாவட்டத்தாரின் கருத்துக்குரியது. இன்று நிலத்தில் வாழும் உயிர்களுள் பெரியது யானை. மகாவலி கங்கையின் வெள்ளச் சமவெளியில், சதுப்பு நிலங்களில் மேயும் யானைகள் உருவிற் பெரியவை என்பது கண்டு, அவற்றை ஓர் உட்பிரிவாக வகுத்து, சதுப்பு யானை என்னும் பொருள்பட ‘விலலியா’ எனச் சிங்களச் சொல்லாலேயே பெயரிட்டார். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே மகாவலியை எல்லையாகக் கொண்ட வஸ்கமுவக் காட்டு யானைகளையும் அப்பெயராற் சுட்டுவோர் உளர். இக்கால விலங்கியலார் அதனைத் தனிப்பிரிவாக ஏற்பதில்லை. அறிஞர் கூற்று யாவும் நிலைபெறும் என்பது நியதியன்று.

பதவிக் காலத்தின் இறுதி ஆண்டாகிய 1963இல், சனவரி 26ஆம் நாள், இரத்மலானைக் கரையில் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமுள்ள பெண் விலங்கு அது. நீலத் திமிங்கிலத்தின் முன் குழவி போன்றது. பறவையின் அலகுபோல் நீண்ட அதன் வாயைக் கண்ட தெரணியகல, இது உலகம் அறியாத புதிய இனம் எனத் துணிந்தார். அலகைக் குறிக்கும் ‘ஹொட்ட’, கூர்மையைக் குறிக்கும் ‘உல’ என்னும் சிங்களச் சொற்களை இணைத்து ‘ஹொட்டவுல’ எனப் பெயரிட்டார். இரண்டாண்டுகள் கழியுமுன் மேனாட்டு ஆய்வாளர் அதனை மறுத்தனர். யப்பானில் முன்னரே அறியப்பட்ட இனமொன்றில் அடக்கிவிட்டனர். 1976ஆம் ஆண்டு திசம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தபோது, அப்பெயர் வழக்கொழிந்தே கிடந்தது.

ஆனால், அவர் காத்துவைத்த என்பு கொழும்பில் அழியாதிருந்தது. பிற்காலத்து ஆய்வாளர் அதன் மரபணுவைச் சீசெல்சு, மாலைதீவு, பசிபிக் தீவுகள் ஆகியவற்றிற் கிடைத்த என்புகளின் மரபணுவோடு ஒப்புநோக்கினர். அது தனி இனமே என 2014இல் முடிவு கூறப்பெற்றது. மறுக்கப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின் பெயர் மீண்டது. அவ்வினம் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டிற் கிடைத்த பெரும்பல்லி ஒன்றின் என்புகளை 1980களில் ஆய்வாளர் இருவர் விவரித்தனர். ‘பெருத்த உடலுடைய பல்லி’ எனப் பொருள்படும் ‘பிருகத்காயசோரசு’ என்பது அதன் பெயர். அது நீலத் திமிங்கிலத்துக்கு நிகரான எடையுடையதாய் இருந்திருக்கலாம் என 2023இல் மதிப்பிட்டோர் உளர். எனினும் அவ்வென்புகள் நொறுங்கி அழிந்தன. எஞ்சியவை படங்களும் குறிப்புகளுமே. ஆதலால் உலகின் மிகப் பெரிய உயிர் தமிழ் மண்ணில் வாழ்ந்ததா என்னும் வழக்கு தீர்க்க இயலாததாயிற்று.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்திராவிடின், பழைய நூல்கள் பலவற்றின் பாடத்தைக் குறித்து நாம் இன்று வாதிடவும் வகையிராது. பதிப்பாசிரியர் கொண்ட பாடம் தவறாகலாம். ஏடு இருப்பின் பின்வருவோர் திருத்துவர். ஏடு அழிந்தாலோ, சரியும் தவறும் ஒருங்கே மறையும். தெரணியகல இட்ட பெயர்களுட் சில நின்றன, சில வீழ்ந்தன. எது நின்றது, எது வீழ்ந்தது என்று பிறர் அளந்தறியும் வண்ணம் சான்றுகளை வைத்துச் சென்றமையே, யான் அறிந்தவரை, அவர் செய்த தலையாய தொண்டு. நம் பள்ளிகளிலிருந்து கொழும்பு செல்லும் மாணவர், நூதனசாலையிற் கண்ணாடிக்குப் பின்னுள்ள என்புகளை அவ்வுணர்வோடு காண்பாராக.