வனக்கல்வி கண்ட பிராண்டிஸ்

திண்டுக்கல்லினின்று தென்கிழக்கே நோக்குவார்க்குச் சிறுமலையும், மேற்கே நோக்குவார்க்குப் பழனி மலைத்தொடரும் தோன்றும். இம்மலைகளில் எல்லை வகுத்து ஒதுக்கப்பட்ட காடுகளுக்கு ஆதாரமாயுள்ளது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். அதற்கு வழிகாட்டியவரும், இந்நாட்டார்க்கு வனநூல் கற்பிக்க டேராடூனில் பள்ளி கண்டவருமாகிய டீட்ரிக் பிராண்டிஸ் என்பாரின் சரிதத்தைச் சங்கத்து அன்பர்க்கு ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1824 மார்ச்சு 31-இல் ஜெர்மனி தேசத்துப் பான் நகரிற் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். இவரோ தாவர நூல் பயின்று, அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். 1856-இல் பர்மாவின் பெகு நாட்டுத் தேக்குக் காடுகளுக்கு மேற்பார்வையாளராயினார்.

ஆங்கு மர வியாபாரிகள் வரைமுறையின்றி வெட்டிவந்தனர். உள்ள மரம் எத்துணையென அறியாது, வெட்டத் தகுவது எத்துணையென விதித்தல் எங்ஙனம்? பிராண்டிஸ் யானைமேலேறிக் காட்டினூடே சென்று, தேக்குகளைப் பருமன் நோக்கி நால்வகையாக எண்ணினார். மழையிலும் ஈரத்திலும் காகிதம் உதவாதாகலின், நான்கு குச்சிகளைக் கையிற் பிடித்து, மரம் ஒன்றுக்கு ஒரு வெட்டாகக் கத்தியாற் குறியிட்டார். நம் இல்லத்துச் சுவரிற் பால்காரி இட்ட கோட்டிற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியன்று! ஆயினும் அக்கணக்கே ஆண்டுதோறும் வெட்டத் தகும் அளவைக் காட்டிற்று. கரேன் மக்கள் மலைச்சாரலிற் காடெரித்துப் புனநெல் விதைப்பதைக் கண்டு, அதனைத் தடுப்பதினும் பயன்கொள்ளுதலே மேலெனத் துணிந்தார். நெல்லோடு தேக்கும் இடச்செய்து பொருளளித்தார். நெல் அறுத்தபின் தேக்கு நின்றது.

1864-இல் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைவரானார். உயரதிகாரிகளைப் பிரான்சு, ஜெர்மனி தேசங்களிற் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அவர் காலத்தது. ஆயின், காட்டினுள் நாடோறும் நடந்து அதனைக் காப்பார் இந்நாட்டாரே. அவர் கல்லாதிருப்பின் சட்டம் ஏட்டளவே. இதனை உணர்ந்தே 1878-இல் டேராடூன் வனப்பள்ளி நிறுவப்பட்டது. அயலிலிருந்த காடுகளே மாணவர்க்குப் பயிற்சி நிலங்களாயின. நிலத்தைக் குறிஞ்சி முல்லையென வகுத்த நம் முன்னோர்க்கும் தோன்றாத பள்ளியிது.

ஒன்று மறைத்தல் தகாது. ஆங்குக் கற்ற நம்மவர் பெரும்பாலும் ரேஞ்சர் நிலையோடு நின்றனர். உயர்பதவி நெடுங்காலம் ஐரோப்பியர் வசமேயிருந்தது. எனினும் அப்பள்ளி தழைத்தது. 1906-இல் டேராடூனில் ஆராய்ச்சி நிலையமும், 1912-இல் கோயம்புத்தூரில் வனக் கல்லூரியும் தோன்றின. இக்காலத்து மேட்டுப்பாளையத்து வனக் கல்லூரியில் நம் பெண்மக்களும் பயின்று பட்டம் பெறுகின்றனர். மருத்துவமும் பொறியியலுமே கல்வியென எண்ணும் பெற்றோர் இதனையும் நினைவிற்கொள்க.

சென்னை மாகாணத்திற்கு அவர் 1881-இல் வந்தார். புறம்போக்கில் ஊரார்க்கு உரிமையுண்டு, ஆதலின் அரசு காட்டை ஒதுக்குதல் அரிது என்பது இங்குள்ள அதிகாரிகளின் வாதம். உரிமைகளை விசாரித்துத் தீர்த்தபின் ஒதுக்கலாம். விறகு, தழை, மேய்ச்சல் என்பவற்றிற்கு ஊர்தோறும் ஊர்க்காடு அமைக்கலாம் என்பது அவர் கருத்து. முன்னது சட்டமாயிற்று, பின்னது வேண்டுமளவு நிறைவேறவில்லை. அதனால் ஆடுமாடு வளர்க்கும் ஏழைக் குடிகள் பட்ட அல்லல் பெரிது. அவர் சொல்லிய இரண்டில் அரசுக்கு இனியது ஒன்றையே கொண்டனர் என்பது நம் துணிபு.

1883-இல் பணியினின்று நீங்கித் தாயகம் சென்றும் ஆசிரியத் தொழிலை விட்டிலர். இந்தியாவிற்கு வரவிருந்த இளைஞரை ஜெர்மானியக் காடுகளில் அழைத்துச் சென்று கற்பித்தார். இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை 82-ஆம் அகவையில், 1906-இல் வெளியிட்டார். மறு ஆண்டு மே 28-இல், தாம் பிறந்த பான் நகரிலேயே காலமானார்.