மேலே இருந்தும் வெல்லாத நாள்

பொந்தியானில் படிவம் நான்கு படித்த காலத்தில் நான் ஜூடோ பழகினேன். ஒரு போட்டியில் என்னைவிடக் கனமான எதிராளியை வீழ்த்தி, மார்போடு மார்பு அழுத்தி அவன்மேல் படுத்துவிட்டேன். அவன் முதுகு விரிப்பில் பட்டிருக்க, 20 விநாடி அப்படியே பிடித்திருந்தால் வெற்றி என்னுடையது. எனக்கோ அவசரம். கையை மடக்கி உடனே முடித்துவிட நினைத்து இடுப்பைத் தூக்கினேன். கிடைத்த இடைவெளியில் அவன் புரண்டான். அடுத்த நொடி நான் கீழே இருந்தேன், தோற்றேன்.

அன்றிரவு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த தாத்தா, காமா பயில்வானும் ஒருமுறை மேலே இருந்தும் வெல்ல முடியாமல் போனார் என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் காமாவைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

குலாம் முகமது என்ற இயற்பெயர் கொண்ட காமா, 1878இல் பஞ்சாபில் மல்யுத்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். உறவினர்களே அவரை வளர்த்துப் பயிற்சியும் கொடுத்தனர். பத்து வயதில் ஜோத்பூர் மன்னர் நடத்திய பஸ்கிப் போட்டியில் 400க்கும் மேற்பட்ட பயில்வான்களோடு கலந்துகொண்டார். கடைசிவரை தாக்குப்பிடித்த 15 பேரில் அவரும் ஒருவர். வயதில் சிறியவர் என்பதால் மன்னர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார்.

1895இல் ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ரஹீம் பக்ஷ் பயில்வானோடு மோதினார். காமாவின் உயரம் ஐந்தே முக்கால் அடிகூட இல்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அன்றுமுதல் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.

1910இல் லண்டன் சென்றபோது, உயரம் குறைவு என்று சொல்லி அவரைப் போட்டியில் சேர்க்க மறுத்தனர். அவர் வெளிப்படையாகச் சவால் விட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலரை வென்று காட்டினார். பிறகு செப்டம்பர் 10ஆம் தேதி, போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவைச் சந்தித்தார்.

தாத்தா சொன்ன ஆட்டம் இதுதான். முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். ஆனால், எதிராளியின் இரு தோள்களும் தரையைத் தொட்டால்தான் வெற்றி. கனமான உடலைக் கொண்ட ஸ்பிஷ்கோ குப்புறக் கவிழ்ந்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஆமைபோல ஒடுங்கிக்கொண்டார். அப்படி இருப்பவரைப் புரட்டுவது எளிதல்ல. நான்கு முட்டுக்கொடுத்த பந்தல் மாதிரி அது. ஒரு முட்டையாவது உருவினால்தான் அந்தப் பக்கம் சாயும். மணிக்கட்டையோ கணுக்காலையோ இழுக்க வேண்டும். அதே நேரத்தில் நம் எடை அவருடைய முதுகைவிட்டு விலகவும் கூடாது. விலகினால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும்.

காமா இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக முயன்றார். புரட்ட முடியவில்லை. ஆனால் மேலே இருந்த இடத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் சமநிலை என்று அறிவிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து நடக்க வேண்டிய மறு ஆட்டத்துக்கு ஸ்பிஷ்கோ வரவில்லை. ஜான் புல் பட்டம் காமாவுக்குக் கிடைத்தது. எதிராளி வராமல் கிடைத்த வெற்றி அது. உண்மையான கணக்கு தீரவில்லை.

தீர்வதற்கு 18 ஆண்டுகள் ஆயின. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதினர். ஐம்பதை நெருங்கிய காமா, ஸ்பிஷ்கோ ஒடுங்கிக்கொள்ள நேரமே கொடுக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

1947இல் நாடு பிரிந்தபோது லாகூரில் இருந்த காமா, தம் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களைக் கலவரக்காரர்களிடமிருந்து காத்து நின்றார். அதற்கு எந்தப் பட்டமும் இல்லை. இறுதிக் காலத்தில் நோயும் பணமுடையும் அவரை வாட்டின. 1960இல் லாகூரில் காலமானார்.

இன்று நான் பல்கலைக்கழக மாணவன். என்னைத் தோற்கடித்தவனை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. ஆனால் விடுமுறைக்குப் பொந்தியான் வரும்போதெல்லாம் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மேலே ஏறியதும் எல்லாருக்கும் அவசரம் வந்துவிடுகிறது. நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: இடுப்பைத் தாழ்த்து, மூச்சை விடு, 20 வரை எண்ணு.