அமைதியில் கேட்ட அழைப்பு

ஸ்பெயின் நாட்டின் பாஸ்குப் பகுதியில், லொயோலாக் கோட்டையின் உயர்குடியில் 1491ஆம் ஆண்டு பிறந்தவர் இஞ்ஞாசியார். போரில் புகழ் ஈட்டுவதும் அரசவையில் மதிப்புப் பெறுவதுமே அவருடைய இளமைக் கனவுகள். 1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், பாம்ப்லோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படையிடமிருந்து காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. கோட்டையும் வீழ்ந்தது. வீட்டிற்குச் சுமந்து வரப்பட்ட அவர், காலில் துருத்தி நின்ற எலும்பு தம் தோற்றத்தைக் கெடுக்கும் என்று கருதி, அதை அறுத்தெடுக்கும் கொடிய வலியையும் விரும்பி ஏற்றார். அரசவை வாழ்வின்மீது அவருக்கிருந்த பற்று அத்தகையது.

படுக்கையில் மாதங்கள் நகர்ந்தன. படிப்பதற்கு வீரக்கதைகளைக் கேட்டார். கிடைத்தவையோ கிறித்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. அவற்றைப் படித்தார், இடையிடையே நூலை மூடிவிட்டு நெடுநேரம் சிந்தித்தார். அந்த அமைதியில் ஓர் உண்மை புலப்பட்டது. உலகப் புகழைப் பற்றிய கனவு எழும்போது இனித்தது. நீங்கியபின் வெறுமையைத் தந்தது. இறைவனுக்குத் தொண்டாற்றும் எண்ணமோ நீங்கியபின்னும் மகிழ்ச்சியை நிலைக்கச் செய்தது. நெஞ்சில் எஞ்சி நிற்கும் இவ்வுணர்வின் வழியே இறைவன் தம்மை அழைப்பதாக அவர் உணர்ந்தார்.

1522ஆம் ஆண்டு மொன்செராட் மலைக்கோவிலில் இரவு முழுவதும் விழித்திருந்து செபித்து, தம் வாளை மரியன்னையின் திருமுன் வைத்து நீங்கினார். அருகிலுள்ள மன்ரேசாவில் சில நாள் தங்க எண்ணியவர் பல மாதங்கள் தங்கினார். நாளொன்றுக்கு ஏழு மணிநேரம் செபித்தார். தனிமை தொடர்ந்து இனிக்கவில்லை. பழைய பாவங்களின் நினைவு, வாழ்வையே வெறுக்கும் அளவிற்கு அவரை அலைக்கழித்தது. அதற்கு அஞ்சி அவர் தனிமையைக் கைவிடவில்லை. கார்டோனர் ஆற்றங்கரையில் ஒருநாள் அமர்ந்திருந்தபோது அகத்தில் பெருந்தெளிவு பிறந்தது. அங்குப் பெற்ற பட்டறிவே ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலுக்கு அடிப்படையாயிற்று.

எருசலேமில் தங்கித் தொண்டாற்ற விரும்பிச் சென்றார். அங்குத் தங்க இசைவு கிடைக்கவில்லை. இனிச் செய்ய வேண்டுவது யாதெனத் தமக்குள் ஆராய்ந்தார். பிறருக்கு உதவக் கல்வி வேண்டும் என்று துணிந்தார். 33 வயதளவில் பார்சிலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். பின்னர்ப் பாரிசில் பயின்றபோது கிடைத்த தோழர்களுடன் அவர் நிறுவிய இயேசு சபைக்கு 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. அத்தோழர்களுள் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றினார். தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் அச்சபைத் துறவியே.

சபைத் தலைவராகப் பணிகள் பெருகியபோதும் இஞ்ஞாசியார் உள்ளாய்வை விடவில்லை. நண்பகலிலும் இரவிலும் சிறிது நேரம் பணியை நிறுத்தி, அன்று நெஞ்சில் எழுந்த எண்ணங்களைத் திரும்ப நோக்கும் பழக்கத்தைத் தம் தோழர்களுக்கும் கற்பித்தார். 1556ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் உரோமையில் அவர் மறைந்தார். நோயுற்ற நாள்களில் அவர் கண்டறிந்த அந்த வழியை, இயேசு சபையினர் இன்றும் நாள்தோறும் பின்பற்றி வருகின்றனர்.