நம்ம ஊர் அரண்மனையில் பாடிய கனம் கிருஷ்ணையர்

திருவிடைமருதூர்னு சொன்னா உடனே மகாலிங்கசுவாமி கோயில் ஞாபகம் வரும். அடுத்து பட்டினத்தாரும் பத்திரகிரியாரும். கனம் கிருஷ்ணையர் என்ற பாட்டுப் புலவர் இங்கே அரண்மனை வித்துவானாக இருந்தார்னு சொன்னா, நம்ம ஊர்ல ஏது அரண்மனைன்னுதான் கேட்பீங்க. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர் மராட்டிய மன்னர் அமரசிம்மரை 1798-ல் ஆங்கிலேயர்கள் இறக்கிவிட்டு, சரபோஜியை அரியணையில் உட்கார வைத்தார்கள். அமரசிம்மர் நம்ம ஊருக்கு வந்து தங்கினார். ராஜ்யம் போச்சு, ஆனால் சபை போகவில்லை. அவருக்குப் பிறகு மகன் பிரதாபசிம்மர் காலத்திலும் இங்கே வித்துவான்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் கிருஷ்ணையர்.

அவர் பிறந்த ஊர் உடையார்பாளையம் பக்கம் பெரிய திருக்குன்றம். இப்போது அது அரியலூர் மாவட்டம். அவர் வாழ்ந்த காலம் 1790 முதல் 1854 வரை என்று எழுதுகிறார்கள். சின்ன வயதிலேயே தஞ்சாவூருக்கு வந்து சங்கீதம் கற்றார்.

பெயருக்கு முன்னால் 'கனம்' எப்படி வந்தது? அது பட்டம் இல்லீங்க, பாடும் முறை. அந்தக் காலத்தில் கனம், நயம், தேசிகம் என்று மூன்று வழி உண்டு. கனம்தான் ரொம்பக் கஷ்டம். அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பி கம்பீரமாகத் தானம் பாட வேண்டும். உடம்பிலே பலம் இல்லாதவர் கிட்டவே போக முடியாது. பொப்பிலி கேசவையா என்ற ஆந்திர வித்துவான் தஞ்சாவூர் சபைக்கு வந்து இந்த முறையில் பாடினாராம். எல்லாரும் அசந்து போனார்கள். இதை யார் கற்றுக்கொள்வீர்கள் என்று கேட்டபோது பெரிய வித்துவான்களே தயங்க, இளைஞரான கிருஷ்ணையர் நான் கற்கிறேன் என்று முன்வந்தார். பிறகு கபிஸ்தலத்தில் மூப்பனார் குடும்பத்தார் ஆதரவில் தங்கி, விடாமல் சாதகம் செய்தார். கனம் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

பாடுவதோடு நிற்காமல் தமிழில் பதங்கள் இயற்றினார். பதம்னா, நாயகி தன் நாயகனை நினைத்துப் பாடுவது போன்ற பாட்டு. சாமியும் நாயகனாக இருக்கலாம், ஆதரிக்கும் ராஜாவும் இருக்கலாம். திருவிடைமருதூரை விட்டுப் போன பிறகு, உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சிக் கல்யாணரங்க உடையார் அவரை ஆதரித்தார். ஒரு சமயம் உடையார் சரியாக முகம் கொடுக்கவில்லையாம். கிருஷ்ணையர் சண்டை போடவில்லை. நாயகி குறைப்பட்டுக் கொள்வது போல ஒரு பதம் பாடினார். உடையாருக்குப் புரிந்துவிட்டது என்று சொல்வார்கள். (நமக்கெல்லாம் கோபம் வந்தா இப்படியா பாடுவோம்!)

திருவையாற்றில் தியாகராஜர் அடாணா ராகம் பாடக் கேட்டு, தானும் அதே ராகத்தில் ஒரு பதம் செய்தார் என்றும் கதை உண்டு. நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவரிடம் பழகிப் பயன் பெற்றவர்.

இவ்வளவு பெரியவரை மறந்துபோக வேண்டியதுதான். ஏனென்றால் அந்தப் பாட்டுகள் ஏட்டைவிட வாயில்தான் இருந்தன. பாடுகிறவர் போனால் பாட்டும் போய்விடும். உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையர் அவருக்கு உறவுக்காரர். உடையார்பாளையத்தில் அவரோடு பல வருஷம் இருந்து பாடம் கேட்டவர். அவருடைய மகன்தான் நம்ம தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்! தாத்தா பிறந்தது 1855-ல். அதாவது கிருஷ்ணையரை அவர் பார்த்ததே இல்லை. அப்பா பாடக் கேட்டே வளர்ந்தார்.

சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஊர் ஊராக ஏடு தேடிய கதை நமக்குப் பாடத்திலேயே உண்டு. ஆனால் எண்பது வயது தாண்டிய பிறகு, 1936-ல், 'கனம் கிருஷ்ணையர்' என்று ஒரு புத்தகம் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. வாழ்க்கையோடு கிடைத்த பாட்டுகளையும் சேர்த்து அச்சிட்டார். என்னைக் கேட்டால், இது ஏடு தேடியதற்குக் குறைந்த வேலை இல்லை. ஏடு பரணிலாவது கிடக்கும். பாட்டு எங்கே கிடக்கும்?

இசை உலகில் அவர் முழுசாக மறையவும் இல்லை. வீணை தனம்மாள் குடும்பத்தில் டி.பிருந்தா, முருகன் மேல் அவர் செய்த பைரவி ராகப் பதத்தைப் பாடியிருக்கிறார். நாட்டிய மேடையிலும் அவர் பதங்களுக்கு அபிநயம் பிடிக்கிறார்கள்.

ஆனால் அந்தக் 'கனம்' எப்படி இருந்திருக்கும் என்று கேட்க வழியில்லை. எடிசன் ஒலியைப் பதிவு செய்தது 1877-ல். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே அந்தக் குரல் நின்றுவிட்டது.

நம்ம பள்ளியில் பரதநாட்டியம் கற்கும் அக்காக்களுக்கு ஒரு சேதி. அடுத்த முறை ஒரு தமிழ்ப் பதத்துக்கு ஆடும்போது, அது கனம் கிருஷ்ணையர் செய்ததான்னு கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க.