இருட்டு மேகத்தைச் சூடாக்கும் கதிர்

சித்திரை மாதத்தில் சேலம், நாமக்கல் சமவெளியில் வெயில் கொளுத்தும். குடை பிடித்தால் வெயில் தணியும். ஆனால் குடையையும் கூரையையும் துளைத்து வரும் கதிர் ஒன்று உண்டு. நம் உள்ளங்கையில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு துகள் வீதம் பாய்கிறது. அதுதான் விண்வெளியிலிருந்து வரும் "காஸ்மிக் கதிர்".

விண்வெளியில் அடர்ந்த வாயு மேகங்கள் உள்ளன. நட்சத்திரங்கள் பிறப்பது அங்கேதான். அவற்றின் நடுப்பகுதிக்கு நட்சத்திர ஒளி எட்டாது. காஸ்மிக் கதிரோ உள்ளே நுழைகிறது. வாயுவிலுள்ள எலெக்ட்ரான்களைத் தட்டி விடுகிறது. அவை மோதி மோதி வாயுவைச் சூடாக்குகின்றன. அப்படியும் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 263 டிகிரி! கதிர் இல்லாவிட்டால் இன்னும் குளிரும்.

இந்தக் கதிரை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற இந்தியர், ஹோமி பாபா.

தந்தையின் நிபந்தனை

பாபா 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை வக்கீல். மகன் என்ஜினீயராகி, டாட்டா இரும்பு ஆலையில் சேர வேண்டும் என்பது குடும்பத்தாரின் ஆசை. அதற்காக 1927-ல் இங்கிலாந்து சென்ற பாபாவின் மனம் விஞ்ஞானத்தை நாடியது. என்ஜினீயர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் என்றார் தந்தை. 1930-ல் பாபா அப்படியே தேறினார்.

ஒன்று பலவாகும்

வேகமான ஓர் எலெக்ட்ரான் காற்றில் மோதினால் என்ன ஆகும்? அதிலிருந்து ஒளித் துகள் பிறக்கும். அதிலிருந்து மீண்டும் எலெக்ட்ரான்கள் பிறக்கும். ஒரு விதை நெல் கதிராகப் பெருகுவது போல, ஒரு துகள் துகள் மழையாகிவிடும். ஹைட்லர் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1937-ல் பாபா இதைக் கணக்கிட்டு விளக்கினார்.

யுத்தம் மறித்தது

1939-ல் விடுமுறைக்குத் தாயகம் வந்தார். உலக யுத்தம் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பாபா சோர்ந்துவிடவில்லை. சேலத்துக்கு வடக்கே உள்ள பெங்களூரில், சர் சி.வி. ராமன் பணியாற்றிய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். விமானங்களில் கருவிகளை ஏற்றி, உயரத்தில் கதிரை அளக்கச் செய்தார். 1945-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். பிறகு இந்தியாவின் அணுசக்தித் திட்டத்துக்கும் தலைமை வகித்தார்.

1966-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி அவர் சென்ற விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிய நிலையத்தின் கருவிகள் இன்றும் நீலகிரியில், உதகமண்டலத்தில், விண்ணிலிருந்து பொழியும் அந்தத் துகள் மழையை இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கின்றன.