நோயாளிகளுக்கு வகுப்பு எடுத்த டாக்டர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த கட்டிடங்களின் மொட்டை மாடிகளில், 1905-ம் ஆண்டில் கூடாரங்கள் முளைத்தன. குளிர்காலம் வந்தது. பனி பெய்தது. கூடாரங்களைப் பிரிக்கவில்லை. கம்பளிகளைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவற்றினுள் படுத்திருந்தவர்கள் வீடற்றவர்கள் அல்ல. கீழே அவர்களுக்கு அறை இருந்தது, அடுப்பும் இருந்தது. அவர்கள் க்ஷயரோகிகள். மாடிக்குப் போய்க் காற்றில் படுக்கும்படி உத்தரவு போட்டவர் முப்பத்திரண்டு வயது டாக்டர் ஒருவர். அவர் பெயர் ஜோசப் ஹெர்ஸி பிராட்.

மனம் தளர்ந்தவர்களையும் காரணம் தெரியாத கவலையால் வாடுகிறவர்களையும் பத்துப் பதினைந்து பேராகச் சேர்த்து உட்கார வைத்து, ஒரு டாக்டரின் மேற்பார்வையில் சிகிச்சை தருவது இன்று உலகமெங்கும் நடக்கிறது. குழுச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். அந்த முறையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிராட்டின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் பிராட் மனநோய் வைத்தியர் அல்ல. மனத்துக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று அவர் அந்த வகுப்பை ஆரம்பிக்கவும் இல்லை. நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஆரம்பித்தார்!

ஆஸ்லரின் மாணவர்

பிராட் 1872-ம் ஆண்டு டிசம்பர் மாதம், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் மிடில்பரோ என்ற சிற்றூரில் பிறந்தார். யேல் சர்வகலாசாலையில் படித்துவிட்டு, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியப் பள்ளியில் சேர்ந்து, 1898-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் வில்லியம் ஆஸ்லர். அந்தத் தலைமுறையில் ஆஸ்லருக்கு ஈடான வைத்திய ஆசிரியர் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இல்லை என்றே சொல்வார்கள். அவர் மாணவர்களைப் புத்தகத்திலிருந்து எழுப்பி நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினார். க்ஷயரோகிகள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவர மாணவர்களை அனுப்பினார். கட்டிலருகே ஆஸ்லர் சொன்னதையெல்லாம் பிராட் குறித்துவைத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளை ஐம்பது வருஷத்துக்கு மேல் பத்திரப்படுத்தி, 1949-ல் புத்தகமாக வெளியிட்டார். எழுதிவைப்பதில் அவருக்கு இருந்த இந்தப் பிடிவாதம் பிறகு அவருடைய நோயாளிகளின் தலையிலும் விழுந்தது.

பாஸ்டனுக்குத் திரும்பிய பிராட், மாஸசூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியின் வெளி நோயாளிகள் பகுதியில் வேலை பார்த்தார். அங்கே தினமும் அவர் கண்ட காட்சி ஒன்றுதான். இருமிக்கொண்டு ஒருவர் வருவார். பரிசோதித்தால் க்ஷயம். கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். கிருமியைக் கொல்லும் மருந்தோ இல்லை. ஸ்ட்ரெப்டோமைஸின் வர இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. ஓய்வு, நல்ல காற்று, நல்ல ஆகாரம், இவை மூன்றுதான் வைத்தியம். பணக்காரர்கள் மலைப்பிரதேசத்து ஸானடோரியங்களுக்குப் போனார்கள். மாகாண அரசாங்கம் ரட்லண்டில் 1898-ல் ஒரு ஸானடோரியம் திறந்திருந்தது. அதில் இடம் கொஞ்சம். நோய் முற்றாதவர்களுக்கே முதலிடம். மற்றவர்கள் என்ன செய்வது? மருந்துச் சீட்டையும் நாலு வார்த்தை புத்திமதியையும் வாங்கிக்கொண்டு, ஜன்னலில்லாத அறைக்குத் திரும்பிப் போய், வேலைக்கும் போய், சாகவேண்டியதுதான்.

அந்த ஏழைகளின் வீட்டையே ஸானடோரியமாக மாற்றிவிட்டால் என்ன என்று பிராட் யோசித்தார். அப்போது இது துணிச்சலான யோசனை. (சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நம் ஊர் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஸானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டுச் சிகிச்சை எந்த விதத்திலும் மட்டமில்லை என்று 1959-ல் உலகத்துக்கு அறிவித்தது. அந்த நிலையத்தின் கையில் மருந்து இருந்தது. பிராட்டின் கையில் அது இல்லை.)

மாதா கோவிலின் பணம்

யோசனைக்குப் பணம் வேண்டுமே! பாஸ்டனில் எம்மானுவேல் ஆலயம் என்ற பெரிய மாதா கோவில் உண்டு. அதன் குரு எல்வுட் உர்ஸ்டர் சாதாரணப் பாதிரியார் அல்ல. ஜெர்மனிக்குப் போய் மனோதத்துவம் படித்தவர். பிராட்டின் திட்டத்துக்கு அவர் கோவில் பணத்தைத் தந்தார். 1905-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி வகுப்பு ஆரம்பமாயிற்று.

அதை வகுப்பு என்றே அழைத்தார்கள். இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆளுக்கு ஆள் தனியாக உட்கார வைத்து, எப்படிப் படுக்க வேண்டும், எப்படித் துப்ப வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தால் டாக்டருக்குப் பொழுது போதாது. எல்லோரையும் வாரம் ஒரு முறை ஒரே அறையில் கூட்டினால் ஒரு தடவை சொன்னால் போதும். வகுப்பு பிறந்த காரணம் இவ்வளவுதான்.

சட்டதிட்டங்கள் கடுமையாக இருந்தன. சேருகிறவர் வேலையை விட வேண்டும். இரவும் பகலும் வெளிக்காற்றில் இருக்க வேண்டும். மொட்டை மாடியோ தாழ்வாரமோ, எது கிடைக்கிறதோ அது. ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, காய்ச்சல் எத்தனை டிகிரி, என்ன சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் படுத்திருந்தார் என்று தினமும் எழுத வேண்டும். வகுப்பிலிருந்து ஒரு மாது வீட்டுக்கே வந்து, எழுதினபடி நடக்கிறதா என்று பார்ப்பார். சிநேக விருந்தாளி என்ற பொருளில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஒழுங்குக்குக் கட்டுப்படாதவர்களுக்கு அங்கே இடமில்லை. தினக்கூலி வாங்கிக் குடும்பம் நடத்துகிறவனைப் பார்த்து வேலையை விடு என்று சொல்வது லேசான காரியமா? கோவில் பணம் இல்லாவிட்டால் பிராட்டின் கட்டளைகளெல்லாம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

வாரக் கூட்டத்தில் எடை பார்ப்பார்கள். நாடி பார்ப்பார்கள். நோட்டுப் புத்தகங்களை டாக்டர் வாங்கிப் படிப்பார். எடை கூடியவர்களின் விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி கரும்பலகையில் எழுதுவார்கள். குணமடைந்து போனவர் வந்து உட்கார்ந்தால், புதிதாக வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். இரண்டு பவுண்டு எடை கூடியவரின் முகத்தைப் பார்த்த அடுத்தவர், மறு வாரம் தானும் பால் டம்ளரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வருவார்.

பிராட் எதிர்பார்க்காத ஒன்று அந்த அறையில் நடந்தது. அங்கே வந்தவர்கள் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஜனங்கள். மதம் வேறு, பழக்கவழக்கம் வேறு. வெளியில் தெருவில் பார்த்தால் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். இங்கே வியாதி அவர்களை உறவாக்கிவிட்டது. இத்தனைக்கும் அவர்கள் தங்கள் நோயின் அறிகுறிகளைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லையாம்; எப்போதும் கலகலப்பாக இருந்தார்களாம். அங்கத்தினரான ஒரு பெண், தனக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் உல்லாசப் பயணமே இந்தக் கூட்டம்தான் என்று வீட்டுக்கு வந்த மாதிடம் இரகசியமாகச் சொன்னாள். வருஷக்கணக்கில் பிறர் ஒதுங்கிப் போவதையே பார்த்துப் பழகிய க்ஷயரோகிக்கு, தன்னைக் கண்டு நகராத இருபது பேர் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம்!

பிராட் இவற்றையெல்லாம் தம் கட்டுரைகளில் எழுதினார். 1907-ல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் வந்த கட்டுரையிலும் எழுதினார். ஆனால் அதை ஒரு இனிமையான உபரி லாபமாகத்தான் எழுதினார். குணத்துக்குக் காரணம் காற்றும் ஓய்வும் ஒழுங்கும் என்பதுதான் அப்போது அவருடைய நம்பிக்கை.

குருவா, டாக்டரா?

க்ஷய வகுப்பைப் பார்த்த உர்ஸ்டருக்கு வேறொரு ஆசை பிறந்தது. உடம்பு நோய்க்கு இது பலிக்கிறதென்றால் நரம்புத் தளர்ச்சிக்கும் மனக் கலக்கத்துக்கும் ஏன் பலிக்காது? 1906 நவம்பரில் அவரும் அவருடைய உதவி குரு ஸாமுவேல் மக்கோம்பும் ஆலயத்தில் சில பிரசங்கங்கள் செய்தார்கள். மனக்கஷ்டம் உள்ளவர்கள் மறுநாள் காலை வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். பத்து இருபது பேர் வரலாம் என்று எண்ணியிருக்கக்கூடும். வந்தவர்கள் 198 பேர்! அத்தனை பேர் அதுவரை எங்கே இருந்தார்கள், யாரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த ஊர் டாக்டர்கள் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

டாக்டர்கள் வேறுவிதமாக யோசித்தார்கள். ஆரம்பத்தில் ஆதரவு தந்த நரம்பு வைத்திய நிபுணர் ஜேம்ஸ் ஜாக்ஸன் புட்னம் சில வருஷங்களில் விலகிக்கொண்டார். வைத்தியம் படிக்காத குருமார் நோயாளியின் மனத்தில் கை வைக்கலாமா என்ற சண்டை பத்திரிகைகள் வரை போயிற்று. 1909-ல் அமெரிக்காவுக்கு வந்த ஸிக்மண்ட் ஃப்ராய்டும் அந்த முயற்சியைக் கண்டித்தார். உர்ஸ்டரும் சும்மா ஆரம்பித்துவிடவில்லை. வந்தவர்களை முதலில் டாக்டர்கள் பரிசோதிக்க ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் அவரைப் பார்த்துக் காப்பியடித்த மற்ற ஊர்க் கோவில்கள் எல்லாம் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஆகவே டாக்டர்களின் ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. குறையும் இருந்தது: கதவை மூடச் சொன்னவர்கள் வேறு கதவு எதையும் திறந்து வைக்கவில்லை. அந்தக் கதவைத் திறக்க இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. திறந்தவர் பிராட்.

பிரெஞ்சு டாக்டரின் புத்தகம்

இடைப்பட்ட வருஷங்களில் பிராட் உள் நோய்களில் நிபுணராகப் பெயரெடுத்தார். கணையத்தைப் பற்றி ஆராய்ச்சிகள் செய்தார். அந்தச் சமயத்தில் அவர் கையில் கிடைத்த ஒரு புத்தகம் அவரை உலுக்கிவிட்டது. பாரிஸின் ஸால்பெட்ரியேர் ஆஸ்பத்திரி டாக்டர் ஜூல் டெஜரீன் எழுதிய அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1913-ல் வெளிவந்தது. உடம்பில் கோளாறு எதுவும் இல்லாமலே வயிற்று வலியும் மார் படபடப்பும் தூக்கமின்மையும் வருவதற்கு, உள்ளே அடக்கிவைத்த உணர்ச்சிகளே காரணம் என்றும், டாக்டரிடம் நோயாளிக்குப் பிறக்கும் நம்பிக்கையே அதற்கு மருந்து என்றும் டெஜரீன் விளக்கியிருந்தார்.

பிராட்டுக்குத் தம் பழைய வகுப்பின் அர்த்தம் அப்போதுதான் மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. கரும்பலகையும் கலகலப்பும் உபரி லாபம் அல்ல, முதலே அதுதான்! தாம் கொடுத்த மருந்து இன்னதென்று தெரியாமலே அதை அவர் வருஷக்கணக்கில் கொடுத்து வந்திருந்தார்.

1927-ல் அவர் பாஸ்டன் டிஸ்பென்ஸரியின் தலைமை வைத்தியரானார். 1796-ல் ஏழைகளுக்காக ஏற்பட்ட பழைய தர்ம வைத்தியசாலை அது. அங்கே ஒரு ரகத்தினர் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு டாக்டர் பார்ப்பார், ஒன்றுமில்லை என்பார். அடுத்த டாக்டரிடம் போவார்கள். அவரும் அதையே சொல்வார். வலி மட்டும் போகாது. வலிக்கிறவரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு எங்கே போவார்?

பிராட் அவர்களுக்காக 1930-ல் மறுபடியும் ஒரு வகுப்பு தொடங்கினார். எண்ணத்தை ஆளும் வகுப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்று கேட்பவர்களுக்கு அந்தப் பெயர் சற்றுப் பயமாகக்கூட இருக்கும். வகுப்பில் பயம் எதுவும் இல்லை. வருகிறவரை முதலில் தலை முதல் கால் வரை பரிசோதித்து, உடம்பில் நோயில்லை என்று நிச்சயம் செய்துகொள்வார்கள். இந்த விஷயத்தில் பிராட் விட்டுக்கொடுக்கவே மாட்டார். குருமாரோடு நடந்த பழைய சண்டையின் பாடம் அது. பிறகு வகுப்பு. தசைகளைத் தளர்த்திக் கண்ணை மூடி உட்காரப் பழக்குவார். கவலை எப்படி வயிற்றைப் பிசையும், பயம் எப்படி நெஞ்சை அடிக்க வைக்கும் என்று பாமரருக்கும் விளங்கும்படி பேசுவார். தேறியவர்கள் எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். டாக்டரின் பேச்சைவிட இந்தப் பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம். தனக்கு மட்டுமே இப்படி என்று எண்ணி வெட்கத்தோடு வந்தவர், அதே வலியை அடுத்த பெஞ்சுக்காரர் வர்ணிக்கக் கேட்டால், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

குறைகளும் உண்டு. பிராட் கடைசி வரை வாத்தியார்தான். அவர் பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள். அங்கத்தினர்கள் தங்களுக்குள் வாதாடவும், கோபித்துக்கொள்ளவும், அழவும் இடம் கொடுத்து, அந்தப் பேச்சையே சிகிச்சையாக்கும் வழி அவர் கண்டதல்ல. அதைக் கண்டவர்கள் வேறு. வியன்னாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த மோரேனோ 1932-ல் குழுச் சிகிச்சை என்ற பெயரைப் பரப்பினார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, இங்கிலாந்தின் நார்த்ஃபீல்ட் இராணுவ ஆஸ்பத்திரியில் மனம் உடைந்த சிப்பாய்களைக் குழுக்களாகச் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர் வில்ஃபிரட் பியான். அவர் நம் நாட்டு மதுராவில் பிறந்தவர். அவர்களோடு ஒப்பிட்டால் பிராட்டின் முறை வெறும் உற்சாகமூட்டல்தான் என்று பின்னால் வந்த நிபுணர்கள் சிலர் ஒதுக்கினார்கள். உற்சாகம் கிடைக்காமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர்களை அவர்கள் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

வில்லியம் பிங்கம் என்ற செல்வர் தந்த பணத்தில், 1938-ல் டிஸ்பென்ஸரியை ஒட்டி ஒரு புதிய ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்கு பிராட்டின் பெயரையே வைத்தார்கள். மாதா கோவில் தந்த பணத்தில் வாடகைக் கட்டிடங்களின் மாடியில் கூடாரம் அடித்தவரின் பெயர் கல்லில் ஏறியது.

எண்பது வயதில், 1953-ல், அவர் மறுபடியும் பேனாவை எடுத்தார். குழுச் சிகிச்சையின் தந்தை என்று மற்றவர்கள் அவரைச் சொல்ல ஆரம்பித்திருந்த காலம். பிராட்டோ அந்தக் கட்டுரைக்கு டெஜரீனின் முறைகள் என்று தலைப்பிலேயே எழுதி, பெருமையை எப்போதோ இறந்துபோன பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து, 1956-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமானார். அதற்குள் க்ஷயத்துக்கு மருந்து வந்துவிட்டது. பாஸ்டன் மாடிகளில் கூடாரம் எதுவும் இல்லை.